பிரெட் மெஷினில் உலர்பழம்: எப்போது, எவ்வளவு, எப்படி?

வாசகர் கேள்வி - பதில்

பிரெட் மெஷினில் உலர்பழம் சேர்ப்பது பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே கேள்வி பலரிடமிருந்து வந்த இடங்களில் சுருக்கி ஒன்றாக்கியிருக்கிறோம். தனியாகச் சொல்லாத இடங்களில் அளவுகள் எல்லாம் 400 கிராம் மாவுக்கானவை. மெஷினோடு வரும் கையேடுகளில் ஒன்றரை பவுண்டு என்று போட்டிருக்கும் நடுத்தர அளவு பிரெட் இதில் வரும்.

கேள்வி: மாவு, தண்ணீர், ஈஸ்ட்டோடு உலர்திராட்சையையும் ஆரம்பத்திலேயே பாத்திரத்தில் போட்டேன். வெந்து வந்த பிரெட்டில் திராட்சையையே காணோம். உள்பகுதி முழுக்க மங்கலான பழுப்பு நிறம், உயரமும் குறைவு. ஏன்?

பதில்: திராட்சை அரைபட்டு மாவோடு கலந்துவிட்டது. மெஷினின் பிளேடு இரண்டு பிசைவுகளிலுமாகச் சேர்த்து 20 முதல் 30 நிமிடம் வரை மாவைப் பாத்திரத்தின் சுவரில் மோதவிட்டு இழுக்கிறது. அவ்வளவு நேரம் எந்த உலர்பழமும் தாங்காது. ஈரத்தில் ஊறித் தோல் கிழிந்து, உள்ளே இருக்கும் சர்க்கரையும் நிறமும் மாவில் இறங்கிவிடும்.

உயரம் குறைந்ததற்குக் காரணம் இரண்டு. உலர்திராட்சையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் சர்க்கரைதான். அது மாவில் கரைந்தால் ஈஸ்ட்டுக்குச் சேர வேண்டிய நீரைப் பிடித்துக்கொள்ளும், நொதித்தல் மந்தமாகும். அதோடு, மாவின் புரதமான க்ளூட்டன் வலை பின்னிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே பழத்துணுக்குகள் குறுக்கே வந்து அதை அறுத்துக்கொண்டே இருக்கின்றன. வலை முழுதாக உருவாகாத மாவுக்கு வாயுவைப் பிடித்துவைக்கும் பலம் இருக்காது.

ஆகவே மாவு முதலில் வழவழப்பாக, இழுத்தால் நீளும் பதத்துக்கு வரட்டும். பழம் அதற்குப் பிறகு, பிசைவின் கடைசி 3 முதல் 5 நிமிடத்துக்குள் உள்ளே போகட்டும். பரவுவதற்கு அந்த நேரம் போதும், அரைபடுவதற்குப் போதாது. இந்தப் பகுதியில் நாங்கள் சொல்லப்போகும் மற்ற எல்லாமே இதற்கு அடுத்தபடிதான்.

கேள்வி: என் மெஷினில் "இப்போது பழம் சேர்க்கவும்" என்று பீப் சத்தம் வருவதே இல்லை. நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில், நீங்கள் தேர்ந்தெடுக்கும் மெனுவில் பீப் உண்டா என்று பாருங்கள். பல மெஷின்களில் சாதாரண, இனிப்பு, முழுக்கோதுமை மெனுக்களில் பீப் இருக்கும். அதிவேக மெனுவிலும் வெறும் பேக்கிங் மெனுவிலும் இருக்காது. சிலவற்றில் 'ரெய்சின்' என்ற தேர்வைத் தனியாக அழுத்தினால்தான் பீப் அடிக்கும்.

பீப் இல்லவே இல்லையென்றால் கையேட்டில் இருக்கும் நேர அட்டவணை போதும். ஒவ்வொரு மெனுவுக்கும் முதல் பிசைவு, ஓய்வு, இரண்டாம் பிசைவு, எழும்பல், பேக்கிங் என்று நிமிடக் கணக்கு போட்டிருப்பார்கள். இரண்டாம் பிசைவு முடிவதற்கு 5 நிமிடம் முன்னால்தான் பழத்துக்கான நேரம். உதாரணமாக, மொத்தம் 3 மணி நேரம் ஓடும் மெனுவில் முதல் பிசைவு 10 நிமிடம், ஓய்வு 20, இரண்டாம் பிசைவு 15 என்று இருந்தால், பிசைவு 45-ஆம் நிமிடத்தில் முடிகிறது. 40-ஆம் நிமிடத்தில் பழம் போட வேண்டும். திரையில் நேரம் இறங்குமுகமாக ஓடுவதால் அப்போது 2:20 என்று காட்டும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். சில மெஷின்கள் பிசையத் தொடங்கும் முன் 15 முதல் 30 நிமிடம் பொருள்களை வெதுவெதுப்பாக்க எடுத்துக்கொள்ளும். அதையும் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

கையேடு தொலைந்துபோயிருந்தால், பழம் எதுவும் போடாமல் ஒரு முறை ஓடவிட்டு, பிளேடு எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று திரையைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மெனுவுக்கு எடுத்த கணக்கு இன்னொரு மெனுவுக்குப் பொருந்தாது.

கேள்வி: எவ்வளவு பழம் போடலாம்? அரை கப் போட்டால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிறது. ஒன்றரை கப் போட்டால் பிரெட் கல்லாகிவிடுகிறது.

பதில்: பழத்தைக் கப்பில் அளக்காமல் எடையில் அளங்கள். அமுக்கி நிரப்பிய கப்புக்கும் உதிரியாக நிரப்பிய கப்புக்கும் நிறைய வித்தியாசம் வரும். மாவின் எடையில் 25 சதவிகிதம் எங்கள் பரிந்துரை: 400 கிராம் மாவுக்கு 100 கிராம். 30 சதவிகிதம், அதாவது 120 கிராம் வரை மெஷின் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் பிளேடால் பழத்தைப் பரப்ப முடிவதில்லை. மாவும் சுமை தாங்காமல் உயரம் குறைகிறது. பாதிக்குப் பாதி பழம் நிறைந்த பிரெட் வேண்டுமென்றால், மாவு பிசையும் மெனுவில் மட்டும் ஓடவிட்டு, பழத்தைக் கையால் மடித்துச் சேர்த்து, ஓவனில் பேக் செய்யுங்கள். அது மெஷின் செய்யக்கூடிய வேலை இல்லை.

பருப்பு வகைகளும் சேர்த்தால் இந்த 100 கிராமுக்குள்ளேயே அவையும் அடங்க வேண்டும். 70 கிராம் பழம், 30 கிராம் வாதுமை அல்லது வால்நட் என்ற பங்கு நன்றாக இருக்கும்.

இந்தப் பழ அளவுக்கு ஏற்ற அடிப்படைக் கணக்கு: வெள்ளை பிரெட் மாவு 400 கிராம் (புரதம் 12 சதவிகிதம் அளவில் இருந்தால் நல்லது), தண்ணீர் 245 மில்லி, வெண்ணெய் 25 கிராம், சர்க்கரை 15 கிராம், உப்பு 7 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். உப்பு ஒரு டீஸ்பூனைவிடச் சற்று அதிகம் வரும், ஈஸ்ட் ஒன்றரை டீஸ்பூனைவிட ஒரு சிட்டிகை கூடுதல். சாதாரண பிரெட்டுக்கு 25, 30 கிராம் சர்க்கரை போடுபவர்கள் இங்கே குறைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பழத்திலிருந்து கொஞ்சம் மாவுக்கு இறங்கத்தான் செய்யும். பாத்திரத்தின் உச்ச அளவுக்கு மாவு போட்டு அதன்மேல் பழத்தையும் சேர்க்காதீர்கள். 500 கிராம் கொள்ளும் பாத்திரமாக இருந்தால் பழ பிரெட்டுக்கு 400, 450 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழத்தை ஊறவைக்க வேண்டுமா, வேண்டாமா? ஒருவர் வேண்டும் என்கிறார், இன்னொருவர் வேண்டவே வேண்டாம் என்கிறார்.

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அளவுதான் விஷயம்.

உலர்திராட்சையில் ஈரம் 15 முதல் 18 சதவிகிதம். வெந்த பிரெட்டின் உள்பகுதியில் அது 35 முதல் 40 சதவிகிதம் வரை இருக்கும். இப்படி இரண்டும் ஒட்டி இருந்தால், ஈரம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு நகரும். காய்ந்த திராட்சை தன்னைச் சுற்றியுள்ள பிரெட்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். முதல் நாள் தெரியாது. மறுநாள் பிரெட் வறண்டுபோய் உதிரும். ஊறவைக்கச் சொல்பவர்களின் நியாயம் இதுதான்.

மறுபக்கம், கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊறவைத்தால் திராட்சை உருண்டு தோல் மெலிந்துவிடும். பிளேடு தொட்டதும் வெடித்து, உள்ளிருக்கும் நீரையெல்லாம் மாவில் விடும். அதுவரை சரியான பதத்தில் இருந்த மாவு இரண்டே நிமிடத்தில் சேறாகும். பிரெட் நடுவில் குழி விழும்.

ஆகவே ஊறவைக்காதீர்கள், ஈரப்படுத்துங்கள். 100 கிராம் திராட்சைக்கு ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி, வெதுவெதுப்பான நீர் தெளித்து மூடி போட்ட டப்பாவில் வைத்துக் குலுக்குங்கள். நாலைந்து மணி நேரம் அப்படியே இருக்கட்டும், நடுவே ஓரிரு முறை குலுக்கிவிடுங்கள். நீர் முழுவதையும் பழம் குடித்திருக்கும், டப்பாவின் அடியில் எதுவும் மிஞ்சாது. பழம் மிருதுவாக இருக்கும், தோலும் கெட்டியாக இருக்கும். அவசரமென்றால் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் ஊற்றி 10 நிமிடத்தில் வடித்து, துணியில் பரப்பி ஒற்றி எடுத்து, கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். பழத்தைத் துணியில் அழுத்தினால் ஈரத்தடம் பதியக் கூடாது.

தண்ணீருக்குப் பதில் ஆரஞ்சுச் சாறோ, ஆறிய தேநீரோ அதே அளவில் தெளிக்கலாம். ரம் போன்ற மதுவில் ஊறிய பழம் என்றால் வடிகட்டி, ஒற்றி எடுத்துதான் சேர்க்க வேண்டும். மதுவில் இருக்கும் ஆல்கஹால் ஈஸ்ட்டை மந்தப்படுத்தும்.

ஏற்கெனவே மெத்தென்று, பிசுபிசுப்பாக இருக்கும் பழத்துக்கு இது எதுவும் தேவையில்லை.

கேள்வி: பழம் சேர்க்கும்வரை மாவு நல்ல உருண்டையாக இருக்கிறது. சேர்த்ததும் தளர்ந்து பாத்திரத்தில் ஒட்டுகிறது. அப்போது மாவு தூவலாமா?

பதில்: தூவலாம், ஆனால் ஒரு டேபிள்ஸ்பூனுக்கு மேல் வேண்டாம். அந்தக் கட்டத்தில் பிசைவு நேரம் கொஞ்சமே மிச்சமிருப்பதால், கூடுதலாகப் போடும் மாவு கலக்காமல் வெள்ளைத் திட்டுகளாக நின்றுவிடும். அதற்குப் பதிலாக முன்கூட்டியே பதத்தைச் சற்று இறுக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன 245 மில்லியில் ஒரு டேபிள்ஸ்பூனை ஒதுக்கிவைத்துத் தொடங்குங்கள். பிசைவு தொடங்கி 8, 10 நிமிடத்தில் மூடியைத் திறந்து விரலால் தொட்டுப் பாருங்கள். மாவு சுவரை விட்டு உருண்டையாகப் பிரிந்து, விரலில் லேசாகப் பிடித்து உடனே விட வேண்டும். அந்தப் பதம் வந்துவிட்டால் ஒதுக்கிய நீர் தேவையில்லை. கெட்டியாக, பிளந்துகொண்டு உருண்டால் மட்டும் டீஸ்பூன் டீஸ்பூனாக விடுங்கள். பிசையும்போது மூடியைத் திறப்பதால் கெடுதல் எதுவும் இல்லை. எழும்பும்போதும் வேகும்போதும் திறந்தால்தான் சூடு வெளியேறி பிரெட் இறங்கும்.

கேள்வி: பழம் எல்லாம் அடியிலும் ஒரு மூலையிலும் குவிந்துவிடுகிறது. மேல்பாதியில் ஒன்றுகூட இல்லை.

பதில்: பெரும்பாலும் மாவு அளவுக்கு மீறிக் கெட்டியாக இருப்பதால் வருவது இது. கெட்டி மாவு உருண்டை பழத்தை உள்ளே வாங்காமல் அதன்மேல் சறுக்கிச் சுழலும். பழம் மூலையில் ஒதுங்கும். மேலே சொன்ன தொட்டுப்பார்க்கும் சோதனையில் இது பிடிபடும்.

பழத்தை மொத்தமாக ஒரே இடத்தில் கொட்டினாலும் இப்படி ஆகும். பிளேடு ஓடிக்கொண்டிருக்கும்போது மாவின் மேல், ஒரு கைப்பிடி, சில விநாடி இடைவெளி, மறுபடி ஒரு கைப்பிடி என்று மூன்று நான்கு தவணையாகத் தூவுங்கள். மூலையில் ஒதுங்கியதை ரப்பர் கரண்டியால் மாவை நோக்கித் தள்ளிவிடுங்கள். உலோகக் கரண்டி வேண்டாம், ஒட்டாத பூச்சு கீறிப்போகும். கரண்டி பிளேடில் மாட்டாமல் சுவரை ஒட்டியே செல்லட்டும்.

பழம் சேர்க்கும் நேரம் பிந்திவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, எங்களைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் நேர்த்தியான வழி. கடைசி எழும்பலுக்கு முன் மெஷின் பிளேடைச் சில சுற்று சுழற்றிக் காற்றை இறக்கும். அது முடிந்ததும் மாவை வெளியே எடுங்கள். பாத்திரத்தின் அகலத்துக்குச் செவ்வகமாகக் கையால் தட்டிப் பரப்பி, ஓரத்தில் ஒரு விரல் இடம் விட்டுப் பழத்தைச் சீராகத் தூவி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பின் விளிம்பைக் கிள்ளி ஒட்டி, ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். வைப்பதற்கு முன் பிளேடைக் கழற்றிவிட்டால் பிரெட்டின் அடியில் பெரிய ஓட்டையும் விழாது. இதில் ஒரு பழம்கூடச் சிதையாது. ஐந்து நிமிடத்துக்குள் முடித்து மூடியை மூடிவிட வேண்டும், பாத்திரத்தின் சூடு ஆறக் கூடாது.

கேள்வி: டிஸ்பென்ஸர் உள்ள மெஷின் வாங்கினேன். பாதிப் பழம் அதற்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கீழே விழுவதில்லை.

பதில்: டிஸ்பென்ஸரின் கதவு திறந்து பழம் தன் எடையால் விழ வேண்டும், உள்ளே தள்ளிவிடும் அமைப்பு எதுவும் கிடையாது. பிசுபிசுப்பான பழம் மூடிக்கு அடியில் எழும் வெதுவெதுப்பில் இன்னும் இளகி, ஒரே கட்டியாகிவிடும். நறுக்கிய பழத்தின் மேல் ஒரு டேபிள்ஸ்பூன் மாவு தூவிக் கையால் பிரித்துவிட்டு, உபரி மாவைச் சல்லடையில் தட்டிவிடுங்கள். இந்த மாவை மொத்த 400 கிராமிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியை அமுக்கி நிரப்பாமல் முக்கால் அளவோடு நிறுத்துங்கள். ஈரப்படுத்திய பழம், பாகில் ஊறிய பழம், புதுப் பழம், சாக்லேட், சீஸ் எதுவும் டிஸ்பென்ஸருக்கு ஆகாது. அவற்றைக் கையால்தான் போட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் கழுவித் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். கதவின் கீல் பக்கம் சர்க்கரை இறுகினால் அடுத்த முறை கதவே திறக்காது.

கேள்வி: பேரீச்சை, அத்தி, ஆப்ரிகாட், க்ரான்பெர்ரி எல்லாவற்றையும் ஒரே மாதிரி சேர்க்கலாமா? அன்னாசி வற்றல் போட்டபோது மாவு கூழாகிவிட்டது.

பதில்: ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். உலர்திராட்சையும் க்ரான்பெர்ரியும் முழுதாகவே போகலாம். தோல் இருப்பதால் பிசைவைத் தாங்கும். க்ரான்பெர்ரி பெரும்பாலும் சர்க்கரை சேர்த்து உலர்த்தியதாக இருக்கும், அதையும் இனிப்புக் கணக்கில் சேருங்கள்.

பேரீச்சைதான் சிரமம் தருவது. தோல் மெல்லியது, சதை பிசின். மெஷினில் இரண்டு நிமிடத்தில் கூழாகி மாவெங்கும் கோடு கோடாக இழுபடும். சதைப்பற்றுள்ள மிருதுவான வகையை விட்டு, கொஞ்சம் உலர்ந்த வகையை எடுத்து, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, மாவில் புரட்டி, பிசைவு முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சேருங்கள். அல்லது மேலே சொன்ன சுருட்டும் முறை. கத்தரிக்கோலின் முனைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்கினால் ஒட்டாது. கொட்டை நீக்கியது என்று எழுதியிருந்தாலும் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். ஒரே ஒரு கொட்டை சிக்கினாலும் பாத்திரத்தின் பூச்சைக் கீறிவிடும், சாப்பிடுபவரின் பல்லுக்கும் ஆபத்து. ப்ரூனுக்கும் (உலர்ந்த பிளம்) இதே எச்சரிக்கை. ப்ரூனில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் சார்பிட்டால் என்ற பொருள் இருப்பதால் பிரெட் ஈரமாகவே நிற்கும். அது நல்லதுதான், ஆனால் 80 கிராமுக்கு மேல் வேண்டாம்.

ஆப்ரிகாட், அத்தி இரண்டையும் ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். அதைவிடப் பெரிதாக இருந்தால் துண்டைச் சுற்றி வெற்றிடம் விழும், பிரெட்டை வெட்டும்போது துண்டு உதிர்ந்துபோகும். அத்தியின் காம்பைக் கிள்ளிவிடுங்கள். ஆப்பிள், மாம்பழ வற்றல்கள் தோல்போல் விறைப்பாக இருந்தால் வெந்நீரில் 10 நிமிடம் வைத்து, ஒற்றி, பிறகு நறுக்குங்கள். மொறுமொறுப்பாக உலர்ந்த வாழைப்பழச் சில்லுகளைப் பிசைவில் சேர்க்காதீர்கள். கூர்மையான முனைகள் பூச்சுக்குக் கெடுதல்.

இப்போது உங்கள் அன்னாசிக்கு வருவோம். அன்னாசியில் ப்ரோமிலைன், பப்பாளியில் பப்பைன், கிவியில் ஆக்டினிடின் என்று புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. க்ளூட்டன் புரதம் என்பதால் அவை அதைத் துண்டு துண்டாக வெட்டிவிடும். மாவு இளகி, நூலாக இழுபட்டு, எழும்பாமல் போகும். சர்க்கரைப்பாகில் கொதிக்கவைத்துத் தயாரித்த துண்டுகளில் சூடு அந்த நொதியை அழித்திருக்கும், அவற்றால் பயம் இல்லை. மிதமான சூட்டில் உலர்த்திய வற்றலில் நொதி உயிரோடு மிஞ்சியிருக்கலாம்; உங்களுக்கு நடந்ததைப் பார்த்தால் அந்த வகையாகத்தான் தெரிகிறது. அப்படிப்பட்டதைக் கொதிக்கும் நீரில் ஐந்து நிமிடம் வேகவிட்டு, வடித்து, நன்றாக ஆறி உலர்ந்த பிறகு சேருங்கள். பேக்கிங் சூடு நொதியை அழிக்காதா என்றால், அழிக்கும். ஆனால் மாவு எழும்பும் நேரத்திலேயே அது தன் வேலையை முடித்திருக்கும்.

கேள்வி: கறுப்பு உலர்திராட்சை போட்டால் நன்றாக எழும்பும் பிரெட், பொன்னிறத் திராட்சை போட்டால் மட்டும் சற்று இறங்கிவிடுகிறது. இது என் கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை. பொன்னிறத் திராட்சையும் பளிச்சென்ற ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டும் நிறம் மங்காமல் இருக்கப் பெரும்பாலும் கந்தக டை ஆக்சைடால் பதப்படுத்தப்படுகின்றன. அது ஈஸ்ட்டை மந்தமாக்கும். க்ளூட்டன் இழைகளைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் தளர்த்தும். பிஸ்கட் தொழிற்சாலைகளில் மாவை வேண்டுமென்றே தளர்த்துவதற்குச் சல்ஃபைட் உப்புகளைச் சேர்ப்பது இதே காரணத்துக்காகத்தான். வெதுவெதுப்பான நீரில் இரண்டு முறை அலசி, துடைத்து, உலர்த்திச் சேர்த்தால் பெரும்பகுதி பிரச்சினை தீரும். அலசும் நீர் பழத்தை ஈரப்படுத்தியும் விடுவதால் தனியாகத் தண்ணீர் தெளிக்க வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் சிலருக்கு, இப்படிப் பதப்படுத்திய பழத்தில் இருக்கும் சல்ஃபைட் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் உண்பதாக இருந்தால் அலசுவதை நம்ப வேண்டாம், பொட்டலத்தில் சல்ஃபைட் இல்லை என்று பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: திராட்சையோடு பட்டைத்தூள் இரண்டு டேபிள்ஸ்பூன் போட்டேன். மணம் அபாரம், பிரெட் எழும்பவே இல்லை.

பதில்: பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைட் என்ற பொருள் பூஞ்சை இனத்தை ஒடுக்கக்கூடியது. ஈஸ்ட்டும் அந்த இனம்தான். 400 கிராம் மாவில் ஒரு டீஸ்பூன் வரை பிசைந்து சேர்க்கலாம். அதற்கு மேல் மணம் வேண்டுமென்றால் மாவில் கலக்காமல், சுருட்டும் முறையில் பட்டைத்தூளையும் சர்க்கரையையும் நடுவில் தூவுங்கள். தூவும் முன் மாவின் மேல் வெண்ணெய் தடவாமல் தண்ணீரோ அடித்த முட்டையின் வெள்ளையோ மெல்லியதாகத் தடவுங்கள். வெண்ணெய் அடுக்குகளை ஒட்டவிடாது, வெந்ததும் சுருளுக்குள் குகை விழும். ஏலக்காய், ஆரஞ்சுத் தோல் துருவல் போன்றவை இந்த அளவுகளில் தொந்தரவு தருவதில்லை.

கேள்வி: மேல்தோல் கறுத்துவிடுகிறது, வெளியே தெரியும் திராட்சை கரியாகக் கசக்கிறது.

பதில்: இனிப்பு மெனு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பழத்தையும் சர்க்கரையையும் கருத்தில் வைத்து அமைத்த மெனு அது; பல மெஷின்களில் அதன் பேக்கிங் சூடு சாதாரண மெனுவைவிடக் குறைவு. தோலின் நிறத்துக்கு 'லைட்' என்பதை அழுத்துங்கள். கடைசி எழும்பல் தொடங்கும் முன் மேலே துருத்திக்கொண்டிருக்கும் பழங்களைக் கிள்ளியெடுத்து மாவின் அடியில் செருகிவிடுங்கள். பாலும் தேனும் சேர்ப்பவர்களுக்குத் தோல் இன்னும் சீக்கிரம் சிவக்கும். மாவை மட்டும் மெஷினில் பிசைந்து ஓவனில் பேக் செய்பவர்கள் 180 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம் வைக்கலாம். 20 நிமிடம் கழித்து மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போர்த்துங்கள். உள்வெப்பம் 90 டிகிரியைத் தாண்டியிருந்தால் வெந்துவிட்டது.

கேள்வி: முழுக்கோதுமை மாவில் பழம் போட்டால் செங்கல்போல் வருகிறது.

பதில்: தவிட்டுத் துணுக்குகள் ஏற்கெனவே க்ளூட்டனை அறுக்கின்றன, பழமும் சேர்ந்தால் இரட்டைச் சுமை. பாதி முழுக்கோதுமை, பாதி வெள்ளை பிரெட் மாவு என்று தொடங்குங்கள். பழம் 80 கிராமுக்குள் இருக்கட்டும். தவிடு மெதுவாக நீரை இழுப்பதால் தண்ணீர் 270, 280 மில்லி வரை தேவைப்படும், தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழுக்கோதுமை மெனுவையே பயன்படுத்துங்கள், அதில் ஊறவும் எழும்பவும் கூடுதல் நேரம் இருக்கிறது.

கேள்வி: இரவில் டைமர் வைத்துவிட்டுக் காலையில் பழ பிரெட் எடுக்க முடியுமா?

பதில்: டிஸ்பென்ஸர் இருந்தால் முடியும். உலர்ந்த, மாவில் புரட்டிய பழத்தை அதில் வைத்துவிடலாம். டிஸ்பென்ஸர் இல்லாத மெஷினில் பழத்தை முதலிலேயே பாத்திரத்தில் போட்டுவைப்பது வீண். மணிக்கணக்கில் தண்ணீரில் ஊறி, பிறகு முழுப் பிசைவிலும் அரைபடும். வேறு வழியே இல்லையென்றால் பழத்தை மாவுக் குவியலின் மேல், தண்ணீர் படாத இடத்தில் வைக்கலாம், அப்போதும் சிதைவது சிதையத்தான் செய்யும். டைமர் வைக்கும்போது பால், முட்டை சேர்க்காதீர்கள், அறைச் சூட்டில் அவ்வளவு நேரம் அவை தாங்காது. ஈஸ்ட், உப்பு, தண்ணீர் மூன்றும் ஒன்றையொன்று தொடாதபடி, தண்ணீர் அடியில், மாவு நடுவில், ஈஸ்ட் மேலே ஒரு குழியில் என்று அடுக்குங்கள். உங்கள் கையேடு ஈஸ்ட்டை முதலில் போடச் சொன்னால் அந்த வரிசையையே பின்பற்றுங்கள்.

கேள்வி: பழத்தைச் சுற்றி மட்டும் பிரெட் வேகாததுபோல் பிசுபிசுவென்று இருக்கிறது. இன்னும் அதிக நேரம் பேக் செய்யலாமா?

பதில்: அது பழத்திலிருந்து கசிந்த ஈரம். நேரத்தைக் கூட்டினால் தோல்தான் தடிக்கும். பழத்தை இன்னும் நன்றாக ஒற்றி உலர்த்துங்கள், துண்டுகளைச் சிறிதாக்குங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெந்ததும் பாத்திரத்திலிருந்து எடுத்துக் கம்பித்தட்டில் வைத்து, குறைந்தது ஒன்றரை மணி நேரம் ஆறிய பிறகுதான் வெட்ட வேண்டும். சூட்டோடு வெட்டினால் நன்றாக வெந்த பிரெட்கூடப் பழத்தைச் சுற்றிக் களிபோல் தெரியும். 'சூடாக வைத்திரு' என்ற தானியங்கி ஏற்பாட்டில் பிரெட்டை ஒரு மணி நேரம் விட்டுவைப்பதும் பக்கவாட்டுத் தோலை நனைத்துச் சுருங்கச் செய்யும்.

கேள்வி: பழ பிரெட்டை எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

பதில்: அறைச் சூட்டில் மூடிய டப்பாவில் இரண்டு நாள், குளிர்ந்த பருவத்தில் மூன்று நாள். குளிர்சாதனப் பெட்டியின் சாதாரண அறையில் வைக்காதீர்கள்; அந்தக் குளிரில் மாவுச்சத்து சீக்கிரம் இறுகி, பிரெட் வெளியே இருப்பதைவிட வேகமாகப் பழையதாகும். அதிகம் இருந்தால் முழுவதும் ஆறியதும் வில்லைகளாக வெட்டி, இடையிடையே பேக்கிங் தாள் வைத்து, காற்றுப் புகாத பையில் ஃப்ரீசரில் போடுங்கள். ஒரு மாதம் வரை சுவை மாறாது. வேண்டிய வில்லையை அப்படியே டோஸ்டரில் போடலாம், ஆனால் குறைந்த சூட்டில், இரண்டு தடவையாக. வில்லையின் ஓரத்தில் துருத்தும் பழத்தை முன்பே கிள்ளிவிடுங்கள், டோஸ்டரின் கம்பியில் ஒட்டினால் தீய்ந்து புகையும்.